கொடைக்கானல் வீட்டுக் கணக்கு

அன்புள்ள சபாபதி,

ஆறு மாதமாகப் பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துவிடு. இங்கு எல்லோரும் நலம். என் முழங்கால் மட்டும் வழக்கம்போல் படியேற மறுக்கிறது. காரைக்குடி வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடப்போவதாக நீ எழுதியிருந்தாய். கொடைக்கானல் வீட்டை வைத்து நான் பட்டதை உனக்குச் சொல்லாமல் இருந்தால் அது துரோகம்.

2024-25 நிதியாண்டில் இணையத்தளம் வழியாக விருந்தினர்கள் அந்த வீட்டுக்குக் கொடுத்தது 6,40,000 ரூபாய். கமிஷன் போக வங்கிக்கு வந்த தொகைதான் என் வருமானம் என்று நினைத்திருந்தேன். நம் புத்திசாலி மருமகன் இன்னும் ஒரு படி மேலே போய், இதை வியாபாரம் என்று காட்டி, வருமான வரிச் சட்டத்தில் சிறு வியாபாரிகளுக்கான 44ஏடி பிரிவின்படி வரவில் 6 சதவீதத்தை, அதாவது 38,400 ரூபாயை மட்டும் லாபமாகக் கணக்கில் காட்டினால் போதும் என்றான். எவ்வளவு இனிமையான எண் பார்த்தாயா! கல்லூரி மெஸ் கணக்கில் உன்னையே ஏமாற்றியவன் நான், இந்தச் சிறுவனிடம் ஏமாந்தேன்.

அந்தக் கணக்கைப் பார்த்த ஆடிட்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். 2024 பட்ஜெட்டில் வந்த திருத்தத்தின்படி, குடியிருப்பு வீட்டை உரிமையாளர் வாடகைக்கு விட்டுப் பெறும் வருமானத்தை வியாபாரத் தலைப்பில் காட்ட முடியாது. 2025-26 மதிப்பீட்டு ஆண்டு முதல், அதாவது 2024-25இல் வந்த வரவு முதலே, அது வீட்டுச் சொத்து வருமானம்தான். அந்தத் தலைப்பில், செலுத்திய வீட்டு வரி 10,000 ரூபாயைக் கழித்து, மீதமுள்ள 6,30,000 ரூபாயில் 30 சதவீதத்தை நிலையான கழிவாக எடுத்துக்கொள்ளலாம்; வீட்டுக் கடன் இருந்தால் வட்டிக்கும் இடம் உண்டு. காவல்காரர் சம்பளம், சலவை, மின்கட்டணம், தளத்தின் கமிஷன் என்று நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்த எதுவும் தனியாகக் கழியாது. ஆக, 38,400 ரூபாய் இருந்த இடத்தில் 4,41,000 ரூபாய் வந்து உட்கார்ந்தது. டிசம்பருக்குள் திருத்திய கணக்கைத் தாக்கல் செய்து, வரியையும் வட்டியையும் கட்டிவிட்டேன்.

வரவை மறைக்கவும் முடியாது. உன் வரவு ஆண்டுக்கு 5 லட்சத்தைத் தாண்டினால் தளமே மொத்தத் தொகையில் வரி பிடித்துக்கொள்ளும்; 2024 செப்டம்பர் வரை 1 சதவீதமாக இருந்தது, இப்போது 0.1 சதவீதம். தொகை சிறிதுதான், ஆனால் அது வருமான வரித் துறையின் வருடாந்திரத் தகவல் அறிக்கையில் உன் பெயருக்கு எதிரே பதிந்துவிடும்.

நீ கேட்கப்போவது எனக்குத் தெரியும்: காலையில் இட்லியும் பொங்கலும் போட்டு, தினமும் அறையைச் சுத்தம் செய்து கொடுத்தால் அது விடுதித் தொழில் ஆகாதா? நியாயமான கேள்விதான். சுல்தான் பிரதர்ஸ் வழக்கில் 1960களிலேயே உச்ச நீதிமன்றம், நடப்பது தொழிலா, உரிமையாளர் தன் சொத்தைப் பயன்படுத்திக்கொள்வதா என்பதை ஒரு வணிகரின் கண்கொண்டு ஒவ்வொரு வழக்கிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்றது. உன் வீட்டில் சேவை மிகுதி என்பதால் வாதத்துக்கு இடம் இருக்கலாம். ஆனால் அந்த வாதத்தை உன் ஆடிட்டர் எழுத்தில் தரட்டும், மருமகன் வாய்மொழியாகத் தருவது வேண்டாம். அறுபது கடந்தவர்களுக்கு வியாபார வருமானம் இல்லையென்றால் முன்கூட்டிய வரி கட்டும் கடமை இல்லை என்ற சலுகையையும் அப்போது நீ இழப்பாய்.

முன்கட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கும் முன் வீட்டு வரி ரசீது யார் பெயரில் இருக்கிறது என்று பார். உன் தம்பி பெயரும் அதில் இருந்தால், வருமானம் யாருக்கு எத்தனை பங்கு என்பதை முதலில் பேசி முடித்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய மெஸ் செயலாளர்