'பாப்பா' கிடைத்துவிட்டார்: ஒரு நன்றி மடல்

எங்கள் உள்ளூர் சேனல்காரர்களுக்கும், அன்று ராத்திரி எங்களோடு சேர்ந்து அலைந்த அத்தனை பேருக்கும் வணக்கம்.

போன ஆடியில், சேலம் குகைப் பகுதியில் இருக்கும் மாரியம்மன் காளியம்மன் கோயில் வண்டி வேடிக்கை அன்று காணாமல் போன 78 வயது அம்மாவின் மகள் நான். டிவியில் ஓடிய ஸ்க்ரோலிங்கைப் பார்த்துவிட்டு முன்பின் தெரியாத எத்தனையோ பேர் போன் செய்தீர்கள். மறுநாள் காலையிலும் "பாப்பா கிடைச்சிட்டாங்களா?" என்று கேட்டீர்கள். அன்று யாருக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லும் தெம்பு எனக்கு இல்லை. பாதிப் பேரிடம் அழுதுவிட்டு போனை வைத்துவிட்டேன். அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

சேனலின் பெயரைப் போட வேண்டாம் என்று அதை நடத்தும் அண்ணன் கேட்டுக்கொண்டார். "இதுக்கெல்லாம் எதுக்கும்மா பேரு" என்றார். சரி, போடவில்லை. குகையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வெளியூரில் இருப்பவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆடி மாதம் சேலத்துக்குத் திருவிழா மாதம். கோட்டை மாரியம்மனில் தொடங்கி ஊரில் இருக்கிற மாரியம்மன் கோயில்களில் எல்லாம் பூச்சாட்டி, கம்பம் நட்டு, சக்தி அழைத்து, பொங்கல் வைப்பார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் வண்டி வேடிக்கையும் உண்டு. நேர்ந்துகொண்டவர்கள் சிவன், முருகன், காளி, நரசிம்மர் என்று வேஷம் கட்டி, ஜோடித்த வண்டிகளில் நின்று வருவார்கள். அன்று சாயங்காலம் திருச்சி மெயின் ரோட்டில் கால் வைக்க இடம் இருக்காது. சொந்தக்காரர் ஒருவர் விடாமல் வந்திறங்குவார்கள்.

அம்மாவுக்கு மூன்று வருஷமாக மறதி நோய். நேற்று சாப்பிட்டது நினைவிருக்காது. ஆனால் 10 வயதில் அம்மாப்பேட்டையில் பிறந்த வீட்டில் குழித்தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நூல் தார் சுற்றியது நேற்று நடந்த மாதிரி இருக்கும். அன்று அவரை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தோம். வண்டிகளைப் பார்த்துக் கை தட்டிக்கொண்டிருந்தார். விருந்தாளிகளுக்கு டீ போட நான் உள்ளே போனேன். பத்து நிமிஷம்கூட இருக்காது. வந்து பார்த்தால் நாற்காலி காலி. செருப்பு மட்டும் கிடந்தது.

அப்போது மணி ஏழே முக்கால் இருக்கும். கூட்டத்தில் எங்கே என்று தேடுவது? கோயில் பக்கம்தான் போயிருப்பார் என்று எல்லோருமே முடிவு கட்டிக்கொண்டோம். வண்டிகள் அங்கேதானே போகின்றன. திருவிழாவுக்குப் போட்டிருந்த போலீஸ் பந்தலில் இருந்த பெண் காவலர் உடனே மைக்கில் அறிவித்தார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது, அவருக்கு என் முதல் நன்றி. ஆனால் அந்த மேளத்திலும் வெடியிலும் மைக் யார் காதில் விழும்? ஒரு கடையில் கேமரா பதிவைக் காட்டச் சொல்லிக் கேட்டோம். ஓனர் நாளைக்குத்தான் வருவார் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒன்பது மணிக்கு என் கொழுந்தன் ஒருத்தருக்குத்தான் அந்த யோசனை வந்தது. மாதாமாதம் வீட்டுக்கு வந்து கேபிள் காசு வாங்கும் தம்பிக்கு போன் போட்டார். அந்தத் தம்பி சேனலுக்குப் போட்டார். இரண்டாவது நிமிஷம் சேனல் ஆபீஸிலிருந்து ஒரு பெண் என்னை அழைத்தார்.

அவர் கேட்ட கேள்விகளை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். வயது, புடவை நிறம், உயரம் எல்லாம் கேட்டார். "பேர் கேட்டா சொல்வாங்களாக்கா?" என்றார். சொல்ல மாட்டார், தன் அப்பா பெயரைத்தான் சொல்வார் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "என்னன்னு கூப்பிட்டா திரும்பிப் பாப்பாங்க?" என்றார். நான் அதுவரை யோசிக்காத கேள்வி. அம்மா என்றால் திரும்ப மாட்டார், பாட்டி என்றால் கோபம் வரும். அவருடைய அண்ணன்மார் நான்கு பேரும் கடைசித் தங்கச்சியை "பாப்பா" என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த மாமன்மார் யாரும் இன்று இல்லை. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆளே இல்லை. ஆனால் அதற்குத்தான் திரும்புவார் என்று சொன்னேன்.

ஐந்து நிமிஷத்தில் வண்டி வேடிக்கை லைவுக்குக் கீழே எழுத்து ஓட ஆரம்பித்தது. காணவில்லை. வயது 78. மாம்பழ நிறப் புடவை. காலில் செருப்பு இல்லை. 'பாப்பா' என்று அழைத்தால் திரும்பிப் பார்ப்பார். அப்புறம் எங்கள் நம்பர். விளம்பரம் வந்தபோதும் அந்த எழுத்தை நிறுத்தவில்லை. ஆடித் தள்ளுபடி நேரத்தில் காசு கொடுத்தவர்களின் விளம்பரத்துக்கு மேலே எங்கள் அம்மாவை ஓட்டினார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த விளம்பரதாரர்களும் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். அவர்களுக்கும் நன்றி.

இதோடு நின்றிருந்தாலே பெரிய உதவிதான். அந்த அண்ணன் அதோடு விடவில்லை. கேமராக்காரர் ஒருவர் திருப்பத்தில் ஒரு கடை மாடியில் நின்று சாயங்காலத்திலிருந்து படம் பிடித்துக்கொண்டிருந்தார். லைவை நிறுத்த முடியாது. ஆனால் அதுவரை பதிவானது ஆபீஸில் இருக்கிறது அல்லவா? எடிட்டிங் பார்க்கும் பையனை உட்கார வைத்து ஏழு மணியிலிருந்து ஓட்டிப் பார்க்கச் சொன்னார். என்னையும் அங்கே கூட்டிப் போனார்கள். மாடியில் இரண்டு சின்ன அறை. ஒன்றில் கம்ப்யூட்டர்கள், இன்னொன்றில் நீலத் துணி கட்டிய சுவரும் ஒரு மேஜையும். டிவியில் இவ்வளவு பெரிதாகத் தெரிவது எல்லாம் இந்த இடத்திலிருந்துதானா என்று இருந்தது.

அந்தப் பையன் வண்டியைப் பார்க்கவே இல்லை. கூட்டத்தின் ஓரத்தை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தான். ஒரு இடத்தில் நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி நிறுத்தினான். முருகனும் வள்ளியும் நின்று வந்த ஒரு டிராக்டருக்குப் பின்னால், திரையின் இடது ஓரத்தில், மாம்பழ நிறம். அம்மாதான். 11 விநாடி. முதலில் டிராக்டரின் பின் பலகையை ஒரு கையால் பிடித்தபடி வருகிறார், சின்னப் பிள்ளைகள் மாட்டு வண்டியின் பின்னால் தொங்கிக்கொண்டு வருவார்களே, அதே மாதிரி. அப்புறம் கையை விட்டுவிட்டு, வண்டி போகும் பக்கத்தை விட்டுத் திரும்பி, கிச்சிப்பாளையம் பக்கம் போகிற சந்தில் நுழைகிறார்.

நாங்கள் ஒன்றரை மணி நேரமாகக் கோயில் பக்கம் தேடிக்கொண்டிருந்தோம். அவர் அதற்கு நேர் எதிர்ப்பக்கம் போயிருக்கிறார். அந்த 11 விநாடி இல்லாவிட்டால் விடிய விடிய அங்கேயேதான் தேடியிருப்போம். "கிச்சிப்பாளையம் தாண்டினா அம்மாப்பேட்டைக்கா" என்று அந்தப் பையன் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. அம்மா வீட்டுக்குப் போகிறார். எங்கள் வீட்டுக்கு அல்ல, அவருடைய அம்மா வீட்டுக்கு. உடனே ஸ்க்ரோலிங்கில் 'அம்மாப்பேட்டை நோக்கிச் சென்றிருக்கலாம்' என்று சேர்த்தார்கள்.

பதினோரு மணிக்குக் கொஞ்சம் பிறகு போன் வந்தது. அம்மாப்பேட்டையில் தட்டுவடை செட் கடை போட்டிருக்கும் அக்கா. அவருடைய அக்கா மகன் அன்று குகையில் நரசிம்மர் வேஷம். கடையை விட்டு வர முடியாததால், பையனைப் பார்ப்பதற்காகவே கடை டிவியில் எங்கள் சேனலை வைத்திருந்தார். கடைக்கு எதிரே பூட்டிக் கிடக்கும் ஒரு பழைய தறி வீட்டுத் திண்ணையில் வயதான அம்மா ஒருவர் உட்கார்ந்து கதவைத் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறார். டிவியில் ஓடிய எழுத்தை ஒரு தடவை பார்த்தாராம், அந்தப் புடவையை ஒரு தடவை பார்த்தாராம். கிட்டே போய், "பாப்பா" என்று கூப்பிட்டிருக்கிறார்.

அம்மா திரும்பி, "அண்ணன் இன்னும் வரல, கதவு தொறக்க மாட்டேங்குது" என்றாராம்.

நாங்கள் போனபோது அம்மா கடை பெஞ்சில் உட்கார்ந்து டீயில் பன்னைத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காலில் இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. அந்த அக்கா வெந்நீரில் கால் கழுவி, மஞ்சள் பற்றுப் போட்டு, தன் பழைய சேலையைக் கிழித்துக் கட்டியிருந்தார். என் அம்மாவின் காலை நான்கூட அவ்வளவு பொறுமையாகக் கழுவியிருப்பேனா தெரியவில்லை. நீங்கள் நன்றாயிருக்க வேண்டும் அக்கா. உங்கள் நரசிம்மரும் நன்றாயிருக்க வேண்டும். எங்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்ட ஆட்டோ அண்ணன் எவ்வளவு சொல்லியும் காசு வாங்கவில்லை.

இதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். சென்னையிலிருந்து வரும் பெரிய சேனல்களைக் குறை சொல்லவில்லை, அவர்கள் வேலை வேறு. ஆனால் அன்று ராத்திரி அந்தக் கடையில் எங்கள் சேனல் ஓடியதற்குக் காரணமே தன் பிள்ளை அதில் வருவான் என்பதுதான். அம்மாப்பேட்டையிலும் தாதகாப்பட்டியிலும் அன்று எத்தனை வீட்டில் அப்படி உட்கார்ந்திருந்தார்கள். தெரிந்த முகத்தைத் தேடிக் கண்ணை நட்டு வைத்திருந்தவர்கள்தான் தெரியாத ஒரு கிழவியையும் தேடித் தந்தார்கள்.

இது ஒரு நாள் உதவியும் இல்லை. நாளைக்கு எந்தத் தெருவில் காலை 9 மணி முதல் மின்தடை, குழாய் உடைந்ததால் எந்தப் பகுதிக்குத் தண்ணீர் வராது, மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டுவிட்டதா, எல்லாம் எங்களுக்கு அந்த எழுத்தில்தான் தெரியும். என் தம்பி ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கிறான். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால், 20 கொண்டை ஊசி வளைவு வழி திறந்திருக்கிறதா, குப்பனூர் வழியாகச் சுற்ற வேண்டுமா என்று அம்மா டிவியைப் பார்த்துச் சொல்வார். அப்போது அவருக்கு நினைவு நன்றாக இருந்தது.

2020 ஆடியில் கொரோனாவால் தேரும் இல்லை, வண்டியும் இல்லை. வாசலில் கோலம் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். அந்த ஆடியில் நீங்கள் உங்களிடம் இருந்த பழைய வருஷத்துப் பதிவுகளை எடுத்துப் போட்டீர்கள். அதில் ஒன்றில் என் அப்பா வந்தார். இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஒரு வண்டிக்கு முன்னால் கயிறு பிடித்துக்கொண்டு, கூட்டத்தை ஒதுங்கச் சொல்லிக் கையை வீசிக்கொண்டு போனார். அம்மா எழுந்து போய் டிவியில் கை வைத்தார். அப்பா நடப்பதைப் படமாக எடுத்து வைத்திருந்தவர்கள் இந்த உலகத்தில் நீங்கள் மட்டும்தான். அதற்கு அன்றே நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

மாடியில் நின்ற கேமராக்கார அண்ணா, நீங்கள் பேச்சோடு பேச்சாக உங்கள் தாத்தா மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டூடியோவில் லைட் பாயாக இருந்தார் என்றீர்கள். ஏற்காடு ரோட்டில் அதன் நுழைவு வளைவு மட்டும் நிற்பதைப் பார்த்தபடிதான் நாங்கள் எல்லாம் வளர்ந்தோம். டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய அந்த ஸ்டூடியோவில் நூறு படத்துக்கு மேல் எடுத்தார்கள் என்று பெருமையாகச் சொல்வோம். எங்களுக்கு உங்கள் 11 விநாடியும் அந்தக் கணக்கில் சேரும்.

மறதி நோய் உள்ளவர்கள் இருக்கும் வீட்டாருக்கு, நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் ஆனால் அவர்களுக்குத் தவிப்பு கூடும். வீட்டுக்குப் போகணும் என்பார்கள். எந்த வீடு என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் போவார்கள். அன்றன்று உடுத்தியிருக்கும் துணியோடு காலையில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். முந்தானை முனையில் போன் நம்பரைத் தைத்துவிடுங்கள். முதியோருக்கான 14567 என்ற உதவி எண் இருக்கிறது, அதையும் குறித்து வையுங்கள். ஒரு நாள் ஆகட்டும் என்று யார் சொன்னாலும் காத்திருக்காதீர்கள். முதல் ஒரு மணி நேரத்திலேயே போலீஸுக்கும் உள்ளூர் சேனலுக்கும் சொல்லிவிடுங்கள். நாங்கள் சேனலை நினைக்க ஒன்பது மணி ஆகிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் பாதி வீட்டில் கேபிளை வெட்டிவிட்டார்கள். எல்லாம் போனிலேயே வருகிறது என்கிறார்கள். அவரவர் காசு, அவரவர் விருப்பம். எங்கள் வீட்டிலும் போன வருஷம் வெட்டுவதாகத்தான் இருந்தோம். என் கணவர் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்குப் போகிறவர், வேலை குறைந்த மாதம் அது. அம்மாவுக்காக வைத்திருந்தோம். இனிமேல் வெட்ட மாட்டோம்.

அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். கால் ஆறிவிட்டது. அன்று நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை. ஸ்க்ரோலிங் அடித்த தங்கச்சி ஒருநாள் வீட்டுக்கு வந்து "பாப்பா" என்று கூப்பிட்டபோது மட்டும் சட்டென்று திரும்பி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவே இல்லை. நேரம் கிடைக்கும்போதெல்லாம் வந்து போ தங்கச்சி.

கேமராக்கார அண்ணா, அடுத்த ஆடிக்கு அந்தக் கடை மாடி கிடைக்காது, கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எங்கள் மொட்டைமாடியிலிருந்து திருப்பம் இரண்டு பக்கமும் தெரியும். கரண்ட் பாயிண்ட் மாடியிலேயே இருக்கிறது. சாயங்காலம் நான்கு மணிக்கே வந்துவிடுங்கள், சாப்பாடு எங்கள் வீட்டில்.

இப்படிக்கு,
பாப்பாவின் மகள்,
குகை, சேலம்.