எஸ்.ஏ.ரி. புள்ளியை எடுத்தபின் ஒளிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு நவம்பர் 1ஆம் திகதிக்குள் முற்கூட்டியே விண்ணப்பிக்கும் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டப் பிள்ளைகளின் காதில், எஸ்.ஏ.ரி. என்ற அனுமதிச் சோதனை பற்றி இரண்டு ஆலோசனைகள் ஓயாமல் விழுகின்றன. “இப்ப எஸ்.ஏ.ரி. ஒண்டும் தேவையில்லை” என்பது ஒன்று. “பல்கலைக்கழகம் வெளியிடும் புள்ளி வீச்சுக்குள் வராவிட்டால் அனுப்பவே கூடாது” என்பது மற்றது. முதலாவது காலாவதியான பேச்சு. இரண்டாவது கொழும்புச் சர்வதேசப் பாடசாலைப் பிள்ளைக்குப் பொருந்தலாம். களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை, கல்முனை, அக்கரைப்பற்றுப் பிள்ளைக்குப் பெரும்பாலும் பொருந்தாது. இந்த விண்ணப்பங்களில் மாணவருக்கு உதவிவரும் ஆசிரியர்கள் என்ற வகையில் விபரமாக எழுதுகிறோம்.

கொரோனாக் காலத்தில் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் சோதனையை விருப்பத்துக்கு விட்டது உண்மை. அதை முதலில் மீளக் கட்டாயமாக்கியவற்றுள் எம்.ஐ.ரி. 2022இல் வந்தது. 2024இல் டார்ட்மத், யேல், பிரவுண், ஹாவர்ட், கல்ரெக் தொடர்ந்தன. ஸ்ரான்போர்ட், கோர்னெல் இரண்டும் 2026இல் சேரும் மாணவரிலிருந்து கேட்கின்றன. பிரின்ஸ்ரன் 2027–28 விண்ணப்பச் சுற்றிலிருந்து கேட்கும். கொலம்பியா இன்னமும் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. கலிபோர்னியா அரச பல்கலைக்கழகங்கள் அனுமதித் தெரிவில் அந்தப் புள்ளியைப் பார்ப்பதே இல்லை. எனவே மூத்த அண்ணா ஒருவர் 2021இல் புள்ளி இல்லாமல் போனார் என்ற கதை இப்போது வழிகாட்டி ஆகாது. எந்த ஆண்டு நுழைவுக்கு விண்ணப்பிக்கிறோமோ அந்த ஆண்டின் விதியைப் பல்கலைக்கழகத்தின் சொந்த இணையத்தளத்தில் வாசிக்க வேண்டும்.

அனுப்புவதா விடுவதா என்ற கேள்விக்கு வருவோம். பல்கலைக்கழகம் 1450–1540 என்று ஒரு வீச்சை வெளியிட்டால், சேர்ந்து புள்ளி கொடுத்தவர்களில் நடுவே நிற்கும் அரைவாசிப் பேர் அதற்குள் இருக்கிறார்கள் என்பதே பொருள். கால்வாசிப் பேர் 1450க்குக் கீழே எடுத்துத்தான் உள்ளே போயிருக்கிறார்கள். கீழ் எல்லையை வெட்டுப்புள்ளி போலப் பார்ப்பது, உள்ளூர்ப் பல்கலைக்கழக அனுமதிக்கான இசற் (Z) புள்ளிக்குப் பழகிய நமது கண்ணின் கோளாறு. டார்ட்மத் 2024இல் தன் ஆய்வுக் குழுவின் அறிக்கையை வெளியிட்டபோது இதையே சொன்னது: வசதி குறைந்த பின்னணியிலிருந்து வந்த பலர், தமக்கு உதவியிருக்கக்கூடிய புள்ளிகளைப் போதாது என்று நினைத்து மறைத்துவிட்டார்கள். அங்கே புள்ளி தனியே வாசிக்கப்படுவதில்லை. எந்தப் பாடசாலை, எந்த ஊர், அங்கே மற்றவர்கள் என்ன எடுக்கிறார்கள் என்பவற்றோடு சேர்த்தே வாசிக்கப்படுகிறது.

நமது பிள்ளைக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். கொழும்பிலுள்ள சில சர்வதேசப் பாடசாலைகளின் பெயர் அமெரிக்க அனுமதி அலுவலர்களுக்கு அறிமுகம். பட்டிருப்புத் தொகுதியில் உயர்தர விஞ்ஞானப் பிரிவுள்ள ஒரு 1ஏபி பாடசாலையின் தவணைப் புள்ளி 82 என்றால், அது கடினமான 82ஆ இலகுவான 82ஆ என்று அவர்களால் சொல்ல முடியாது. உலகம் முழுவதற்கும் ஒரே அளவுகோலில் விழுந்த ஒரு எண் இருந்தால் அந்த 82க்கும் ஒரு பொருள் வந்துவிடும். விருப்பத்துக்கு விட்ட பல்கலைக்கழகத்திலும், கீழ் எல்லையிலிருந்து 60, 70 புள்ளி குறைந்தாலும் அனுப்பலாம் என்பதே எங்கள் கருத்து. 1450 கீழ் எல்லை, பிள்ளை எடுத்தது 1150 என்றால் அனுப்ப வேண்டாம். அந்த இடைவெளியைச் சூழ்நிலை நிரப்பாது.

இடையில் ஒரு சிக்கலான வகை உண்டு. தமிழ் மூலம் கணிதப் பிரிவில் படித்த பிள்ளை கணிதத்தில் 770, வாசிப்பும் எழுத்தும் பகுதியில் 560, மொத்தம் 1330 எடுப்பது. கணிதத்தை மட்டும் அனுப்ப வழியில்லை. ஒரு திகதிக்குரிய புள்ளியை அனுப்பினால் இரு பகுதியும் சேர்ந்தே போகும். இங்கே டியூலிங்கோ, ஐ.ஈ.எல்.ரி.எஸ். அல்லது ரோபல் என்ற ஆங்கிலத் தேர்ச்சிச் சோதனையின் பெறுபேறு நன்றாக இருந்தால் 560 ஏற்படுத்தும் சந்தேகம் குறையும், அப்போது அனுப்பலாம். ஆங்கிலப் பெறுபேறும் தளர்வாக இருந்தால், முற்கூட்டிய சுற்றை விட்டு ஜனவரிச் சுற்றுக்கு முன் இன்னொரு தடவை எழுதுவது மேல்.

அடுத்தது காலம். உயர்தரப் பரீட்சை 2024இல் நவம்பர் 25 தொடங்கி வெள்ளத்தால் இடையில் நின்றது. 2025இல் நவம்பர் 10 தொடங்கி, டித்வா புயலால் மிகுதி வினாத்தாள்கள் ஜனவரிக்குத் தள்ளிப்போயின. பரீட்சைக்கு இருக்கும் ஆண்டிலேயே விண்ணப்பிப்பவருக்கு, நவம்பர் 1 என்பது புத்தகத்தை விட்டுத் தலை நிமிர முடியாத நேரம். எஸ்.ஏ.ரி. புள்ளி வர ஏறத்தாழ இரண்டு கிழமை எடுக்கும். ஒக்டோபர்ச் சோதனைதான் நவம்பர் 1க்கு நிம்மதியாகக் கைக்கு வரும் கடைசிப் புள்ளி. சில இடங்கள் நவம்பர்ச் சோதனையையும் ஏற்கும், ஆனால் அதை நம்பித் திட்டம் போடக் கூடாது. மே அல்லது ஜூனில் முதல் தடவை, ஓகஸ்டில் இரண்டாம் தடவை என்று வைத்து, ஒக்டோபரை அவசரத்துக்கு விட்டுவைப்பதே நடைமுறைக்கு ஒத்தது. உயர்தரம் ஓகஸ்டில் வைக்கப்படும் ஆண்டில் இன்னும் முன்னே தள்ளி, மார்ச்சிலேயே தொடங்க வேண்டும். பல பல்கலைக்கழகங்கள் இரு தடவைகளில் எடுத்த சிறந்த பகுதிப் புள்ளிகளைச் சேர்த்துப் பார்க்கும் என்பதால் இரண்டாம் தடவை வீணாகாது. ஆனால் ஜோர்ஜ்ரவுன், எழுதிய எல்லாப் புள்ளிகளையும் காட்டச் சொல்லும்.

செலவும் பயணமும் சின்ன விஷயமல்ல. 2024–25இல் கட்டணம் 68 டொலர், அமெரிக்காவுக்கு வெளியே எழுதுவோருக்கு மேலதிகமாக 43 டொலர். டொலருக்கு 300 ரூபாய்ப்படி பார்த்தால் 33,000 ரூபாவுக்கு மேல். இதற்கான கட்டண விலக்கு அமெரிக்க மாணவருக்கே. ஆனால் பல பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான இணைய விண்ணப்பமாகிய கொமன் அப்பில், விண்ணப்பக் கட்டணத்துக்கு வசதியில்லாத வெளிநாட்டு மாணவரும் விலக்குக் கேட்கலாம், பல பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன. வங்கி அட்டை வெளிநாட்டு இணையவழிக் கொடுப்பனவுக்குத் திறக்கப்பட்டிருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு வைக்கவும். கடைசி நாளில் அட்டை மறுக்கப்பட்டு ஆசனம் போவது வழமையான தொல்லை. கொழும்பு நிலையங்களில் ஆசனங்கள் வேகமாக நிரம்பும். அனுமதிச் சீட்டில் வேறு நேரம் இல்லாவிட்டால் காலை 8 மணிக்குக் கதவு சாத்தப்படும். அம்பாறை மாவட்டத்துக்கு ரயிலே இல்லை, மட்டக்களப்பிலிருந்து இரவு ரயிலில் ஏறினால் யானைப் பகுதியில் எவ்வளவு தாமதமாகும் என்று எவராலும் சொல்ல முடியாது. முதல்நாள் பகலிலேயே போய்த் தங்குங்கள்.

சோதனை இப்போது கணினியில். புளூபுக் செயலியை மடிக்கணினியிலோ ஐபேட்டிலோ ஏற்ற வேண்டும். கைத்தொலைபேசியில் எழுத முடியாது. சோதனைக்கு முந்திய 5 நாட்களுக்குள் செயலியில் முன்னேற்பாட்டை முடித்தால்தான் அனுமதிச் சீட்டு வரும். மொத்தம் 2 மணித்தியாலம் 14 நிமிடம், வாசிப்பும் எழுத்தும் 54 வினா, கணிதம் 44 வினா. ஒவ்வொரு பகுதியும் இரண்டு துண்டு. முதல் துண்டில் எப்படிச் செய்தோமோ அதைப் பொறுத்து இரண்டாவது கடினமாகவோ இலகுவாகவோ வரும். ஆகவே முதல் துண்டில் அவசரப்பட்டு விடும் பிழைதான் அதிகம் வெட்டும். இடையில் இணையம் போனாலும் எழுதலாம், விடைகள் கணினியில் சேமிக்கப்படும்; தொடங்கவும் முடிவில் அனுப்பவும் மட்டும் இணைப்பு வேண்டும். மின்கலம் நிறைந்திருக்கட்டும். பயிற்சிக்குப் பணம் கட்டாதீர்கள். புளூபுக்கிலும் கான் அக்கடமியிலும் எல்லாம் இலவசம்.

பெயர் விஷயத்தில்தான் அதிகம் கெடுகிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. உயர்தரச் சான்றிதழில் தகப்பன் பெயரின் முதலெழுத்து மட்டும் இருக்கும், கடவுச்சீட்டில் அது முழுதாக விரிந்து வேறு கட்டத்தில் இருக்கும், மின்னஞ்சலில் பிள்ளை தன் பெயரை மட்டும் போட்டிருக்கும். முஸ்லிம் பிள்ளைகளுக்கு முகம்மது என்ற பெயரே ஆங்கிலத்தில் பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டலிலும் கடவுச்சீட்டில் இன்னொன்றிலும் நிற்கும். எஸ்.ஏ.ரி.யை நடத்தும் கொலேஜ் போர்ட்டில் ஒரு பெயர், கொமன் அப்பில் இன்னொரு பெயர் என்றால் புள்ளி விண்ணப்பத்தோடு பொருந்தாது. பல்கலைக்கழகத்தின் மாணவர் பக்கத்தில் “புள்ளி கிடைக்கவில்லை” என்று காட்டிக்கொண்டே இருக்கும். கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலை, அதே முதற்பெயர், கடைசிப் பெயர் ஒழுங்கில், எல்லா இடத்திலும் போடுங்கள். பிறந்த திகதியும் அப்படியே. கடவுச்சீட்டு இல்லாவிட்டால் கொலேஜ் போர்ட்டில் பதிவதற்கு முன் அதை எடுங்கள். ஏற்கெனவே பிசகியிருந்தால், கொலேஜ் போர்ட் பதிவு இலக்கத்தோடு பல்கலைக்கழக அனுமதி அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினால் கையால் இணைத்துவிடுவார்கள்.

கொமன் அப்பில் சோதனைப் பகுதி ஒன்றுதான். அதில் பதியும் புள்ளி அந்த நேரத்தில் சமர்ப்பிக்கும் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் போகும். ஒன்றுக்குக் காட்டி இன்னொன்றுக்கு மறைக்க வேண்டுமானால், முதலாவதைச் சமர்ப்பித்தபின் அந்தப் பகுதியைத் திருத்திவிட்டு அடுத்ததைச் சமர்ப்பிக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் சொந்தக் கேள்விப் பகுதியில் “புள்ளியைக் கருத்தில் எடுக்கவா” என்று வேறாகவும் கேட்பார்கள். இரண்டிலும் பதில் ஒத்திருக்கட்டும். பல இடங்களுக்கு விண்ணப்பிக்கும்போது மாணவர் தாமே பதிந்த புள்ளி போதும்; உத்தியோகபூர்வ அறிக்கை சேரும்போது தான் கேட்பார்கள். சோதனை முடிந்து 9 நாட்கள் வரை 4 இடங்களுக்கு இலவசமாக அனுப்பலாம் என்றாலும் புள்ளி தெரியாமலே அனுப்புவது அது. புள்ளி கட்டாயமான இடங்களுக்கு மட்டும் அதைப் பாவியுங்கள்.

நேரத்தில் ஒரு பொறி. கொமன் அப்பின் நவம்பர் 1 என்பது விண்ணப்பிப்பவரின் உள்ளூர் நேரப்படி இரவு 11.59. அமெரிக்காவில் இன்னும் நவம்பர் 1தானே என்று நவம்பர் 2 காலை அனுப்புபவர் பிந்தியவர்.

உயர்தரப் பெறுபேறு எஸ்.ஏ.ரி.க்குப் பதிலாகுமா என்றால், சில இடங்களில் ஆகும். டார்ட்மத் அமெரிக்காவுக்கு வெளியே படிப்பவரிடம் பிரித்தானிய உயர்தரம் அல்லது அதற்குச் சமமான தேசியப் பரீட்சையின் பெறுபேற்றையோ எதிர்பார்க்கும் பெறுபேற்றையோ ஏற்கிறது. ஹாவர்ட், எஸ்.ஏ.ரி. எழுத வழியே இல்லாத விதிவிலக்கான நிலையில் மட்டும் அவ்வாறானதை ஏற்கும். கொழும்புக்குப் போவது கஷ்டம் என்பது அந்த நிலையாகுமா என்பது சந்தேகம். யேல் 2024இல் அறிவித்த நான்கு வகைச் சோதனைகளில் நமது உயர்தரம் இல்லை. எதிர்பார்க்கும் பெறுபேறு எழுதும் வழக்கம் நமது அரச பாடசாலைகளில் கிடையாது. அதிபர் தலைப்புக்கடிதத்தில், மூன்று பாடத்துக்கும் தவணைப் புள்ளிகளின் அடிப்படையில், பாட ஆசிரியர் கையொப்பத்தோடு கொடுக்கலாம். எல்லாப் பிள்ளைக்கும் மூன்று ஏ என்று எழுதினால் அந்தக் கடிதத்துக்குப் பெறுமதி இராது. பெறுபேறு வந்தபின் விண்ணப்பிப்பவருக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. மாவட்டத்தில் எத்தனையாவது இடம் என்பதைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள். இசற் புள்ளி அங்கே எவருக்கும் விளங்காது.

அதிபருக்கு ஒரு வேண்டுகோள். ஏர்லி டிசிஷன் என்ற முற்கூட்டிய சுற்று, இடம் கிடைத்தால் அங்கேயே சேர்வேன் என்று கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். மாணவர், பெற்றோர், பாடசாலை ஆலோசகர் மூவரும் ஒப்பமிட வேண்டும், ஒரு சுற்றில் ஒரு இடத்துக்கு மட்டுமே. ஆலோசகராக உதவி அதிபர் ஒருவர் போதும். செப்டெம்பரிலேயே அவரது மின்னஞ்சலை மாணவருக்குக் கொடுத்து, ஆங்கிலத்தில் தவணைப் புள்ளி அறிக்கையைத் தயார் செய்து வைத்தால் ஒக்டோபர் கடைசியில் ஓட வேண்டியதில்லை. நிதியுதவி போதாவிட்டால் அந்த ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கக் கேட்க முடியும். ஹாவர்ட், யேல், பிரின்ஸ்ரன், ஸ்ரான்போர்ட் வைத்திருக்கும் முற்கூட்டிய சுற்று அப்படிக் கட்டிப்போடாது, ஆனால் வேறு தனியார் பல்கலைக்கழகங்களுக்கு முற்கூட்டி விண்ணப்பிப்பதைத் தடுக்கும்.

டிசெம்பர் நடுவில் “பிற்போடப்பட்டது” என்று பதில் வந்தால், நவம்பர் அல்லது டிசெம்பரில் எழுதிய கூடிய புள்ளி இருந்தால் அதை அவர்களது மாணவர் பக்கத்தின் மூலம் சேர்க்கவும். அதே கிழமையில் ஜனவரிச் சுற்று விண்ணப்பங்களையும் முடித்துவிடவும். டிசெம்பர் விடுமுறையில் அதிபர் அலுவலகம் பூட்டியிருக்கும், பாடசாலை முத்திரைக்கு அப்போது ஆளைத் தேட முடியாது.

இங்ஙனம்,
மாணவருக்கு விண்ணப்ப வழிகாட்டும் ஆசிரியர் சிலர்,
மட்டக்களப்பு – கல்முனை