மரப்படகுகளில் பழைய எபாக்ஸி, பைபர் துணி உரிக்கும் வேலைக்குத் தனிக் கூடாரம் கேட்டு மனு

அனுப்புநர்:
மரப்படகுப் பழுது பார்க்கும் தொழிலாளர்கள்,
காசிமேடு மீன்பிடித் துறைமுகம்,
சென்னை.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை,
சென்னை.

பொருள்: பழைய பைபர் உரிக்கக் கூரையுள்ள இடம், தூசி உறிஞ்சும் கருவி, கழிவு அகற்றும் ஏற்பாடு வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில்தான் விசைப்படகுகள் கரையேறும். அந்த 61 நாளுக்குள் எல்லாப் பழுதையும் முடித்தாக வேண்டும். அதில் எங்களை அதிகம் வாட்டுவது, மரப்படகின் மேல் ஒட்டிய பழைய பைபர் துணியையும் (கண்ணாடி இழைத் துணி) அதை ஒட்டும் எபாக்ஸிப் பசையையும் உரிக்கும் வேலை.

"உரிக்காமல் மேலேயே இன்னொரு துணி ஒட்டிவிடக் கூடாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது ஐயா. எங்காவது ஒரு கீறல் வழியாக மழைத்தண்ணீர் இறங்கினால், வெளியேற வழியில்லாமல் பைபருக்கும் பலகைக்கும் நடுவே நிற்கும். வெளியே பளபளவென்று இருக்கும் படகில் உள்ளே பலகை உளுத்துப்போயிருக்கும். ஈரமான மரத்தில் புது எபாக்ஸியும் சரியாகப் பிடிக்காது. உரித்து, உளுத்ததை வெட்டி மாற்றி, மரத்தைக் காயவிட்ட பிறகே மறுபடி போர்த்த வேண்டும். நடுக்கடலில் பலகை விட்டால் போவது படகு மட்டுமில்லை.

பாலியெஸ்டர் ரெசின் என்ற வேறு வகைப் பசையில் ஒட்டியது பல இடங்களில் தானாகவே விட்டு வரும். எபாக்ஸி அப்படியில்லை. சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, பசை இளகும் நேரம் பார்த்து அகல உளியை அடியில் செருகினால் துணி பட்டை பட்டையாக உரிந்து வரும். தூசி இல்லாத வழி இதுதான். ஆனால் சூடு சற்று மிஞ்சினாலும் பசை கருகி, அந்தப் புகை கண்ணையும் தொண்டையையும் பிடிக்கும். நிதானமாகச் செய்ய வேண்டிய இந்த வேலைக்கு மின் இணைப்பும் வேண்டும், நேரமும் வேண்டும். இரண்டும் இல்லாததால் பெரும்பாலும் சுழன்று தேய்க்கும் கிரைண்டர் மெஷினையே எடுக்கிறோம். அது பலகையையும் சேர்த்துத் தின்கிறது. கிளம்பும் கண்ணாடி இழைத் தூசி வியர்வையோடு கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் ஒட்டி, குளித்த பிறகும் அரிக்கும். கத்திரி வெயிலில் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு செய்கிறோம்; நுண்தூசியைத் துண்டு தடுக்காது. கடல்காற்று அடித்தால் பக்கத்தில் கருவாடு காயவைக்கும் பெண்கள் மேலும் அதே தூசிதான். அவர்கள் சண்டைக்கு வருவதில் நியாயம் இருக்கிறது.

உரித்த துணியைப் போட இடமில்லை. சிலர் கொளுத்துகிறார்கள், மிச்சம் மழையில் கடலுக்குப் போகிறது. கொளுத்தும் புகையைக் குடிப்பது துறைமுகத்தை ஒட்டி வாழும் எங்கள் பிள்ளைகள்தான்.

ஆகவே, படகு ஏற்றும் இடத்துக்கு அருகிலேயே, கருவாட்டுக் களத்துக்கு எட்டாத தூரத்தில், காற்றோட்டமும் பக்கத்தில் தார்ப்பாய் மறைப்பும் உள்ள கூரை ஒன்று போட்டுத் தர வேண்டுகிறோம். அதில் மின் இணைப்பும், கிரைண்டரோடு பொருத்தும் தூசி உறிஞ்சியும் இருக்க வேண்டும். வாடகைக்குத் தந்தாலும் சரி, வாடகையைக் கட்டிவிடுகிறோம். தடைக்காலம் முழுதும் தூசி தடுக்கும் முகக்கவசம், கண்ணாடி, கையுறை கிடைக்கச் செய்யுங்கள். கழிவுக்குத் தனித் தொட்டி வைத்து, மாசு கட்டுப்பாட்டு வாரியத்தைக் கேட்டு முறையாக அகற்ற ஏற்பாடு வேண்டும். அப்புறம் முக்கியமாக ஒன்று: தூசி வருகிறது என்பதற்காக இந்த வேலையையே துறைமுகத்தை விட்டு வெளியேற்றிவிடாதீர்கள். கரையேற்றிய விசைப்படகை வேறெங்கும் தூக்கிப்போக எங்களால் முடியாது.

அடுத்த தடைக்காலம் தொடங்கும் முன் தங்கள் அதிகாரிகள் நேரில் வந்து இடத்தைப் பார்க்க வேண்டும். எந்த இடம் தோதுப்படும் என்று நாங்களே கூட நின்று காட்டுகிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
மரப்படகுப் பழுது பார்க்கும் தொழிலாளர்கள்,
காசிமேடு.