நீ கேட்ட கேள்விக்குப் பதில்

பிறை,
பினாங்கு,
ஞாயிற்றுக்கிழமை இரவு

கண்ணம்மா,

தினமும் வாட்ஸ்அப்பில் முகம் பார்க்கிறோம், இப்போது எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். போனில் பேசினால் பாதியில் அப்பா தலையை நீட்டி "அங்க எத்தன டிகிரி?" என்று கேட்பார். நான் சொல்ல வந்தது ஜப்பானின் செண்டாய்ப் பனியில் புதைந்து போகும். அதனால்தான் பார்சலில் இதை வைக்கிறேன். போன மாதம் தங்கக் கம்பி, செம்புக் கம்பி பற்றி நீ கேட்டாயே, அதற்குப் பதிலும் கடைசியில் இருக்கிறது. மிளகாய்த்தூள் பொட்டலத்துக்கு அடியில் இருக்கும். தும்மிக்கொண்டே படி.

முதலில் உன் குட்டு. போன வாரம் உன் அத்தை கூப்பிட்டு, "என்ன அண்ணி, பிள்ளைக்கு அங்கேயே வேலை கிடைச்சிருச்சாமே" என்றாள். எனக்கே தெரியாத சேதிக்கு "ஆமா ஆமா" என்று சமாளித்தேன். கறுப்புக் கோட்டோடு நீ நிற்கிற படத்தை அவள் மகன் இன்ஸ்டாகிராமில் பார்த்தானாம். அங்கே படிப்பு முடியும் முன்பே கம்பெனிகள் பிள்ளைகளைப் பேசி முடித்துவிடும், எல்லாரும் ஒரே மாதிரி கறுப்பு உடையில் இன்டர்வியூவுக்குப் போவார்கள், அக்டோபர் 1ஆம் தேதி உறுதி செய்வார்கள், அடுத்த ஏப்ரலில் வேலை என்று நீதானே சொன்னாய். நம்மவர்கள் பெண் பார்த்து நிச்சயம் பண்ணுவது மாதிரிதான். நீ நிச்சயத்தை வீட்டுக்குச் சொல்லாமல் முடித்துவிட்டாய்.

ஏன் சொல்லவில்லை என்று தெரியும். கோபம் ஒரு நாள்தான் இருந்தது.

உபகாரச் சம்பளக் கடிதம் வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? பக்கத்துக் குடியிருப்புப் பையன் ஜேபிஏ என்கிற நம் அரசாங்கப் பொதுச்சேவைத் துறை உதவியில் போனபோது, ஒப்பந்தத்தில் ஜாமீன் கையெழுத்துப் போட ஆள் தேடி அவன் அப்பா இரண்டு வாரம் அலைந்தார். படித்து வந்து அரசாங்கத்தில் இத்தனை வருஷம் வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். உனக்கு ஜப்பான் அரசு கொடுத்ததில் அது எதுவும் இல்லை. கட்டணம் கிடையாது, விமான டிக்கெட் அவர்களுடையது, மாதம் 117,000 யென், திருப்பிக் கேட்பதும் இல்லை. அப்பா அந்தத் தாளை மூன்று தடவை புரட்டி, "பின்னாடி சின்ன எழுத்துல ஏதாச்சும் போட்டிருக்கான் பாரு" என்றார். ஒன்றும் இல்லை. அந்தச் சின்ன எழுத்தை இந்த ஐந்து வருஷத்தில் நீயே எழுதிக்கொண்டாய் போலிருக்கிறது.

அதில் எங்களுக்கும் பங்கு உண்டு. உன் சின்ன மாமா கதையைச் சொல்லிச் சொல்லித்தானே உன்னைப் படிக்க உட்கார வைத்தேன். 1997இல் அவருக்கு இங்கிலாந்தில் இடம் கிடைத்தது. உபகாரச் சம்பளம் இல்லை, சொந்தக் காசு. தாத்தா ஈபிஎஃப் சேமநிதிப் பணத்தை எடுத்து, மாமாவுக்குக் கோட்டும் தைக்கக் கொடுத்தார். அப்போது அமெரிக்க டாலர் ரெண்டரை வெள்ளி, அதாவது ரிங்கிட். அடுத்த ஜனவரியில் நாலரை வெள்ளியைத் தாண்டிவிட்டது, பவுண்டும் கூடவே எகிறியது. 98 செப்டம்பரில் அரசாங்கம் டாலரை 3.80 என்று கட்டிப் போட்டபோது, மாமா பிறையில் ஒரு லாரி கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் கோட்டை இன்னும் கல்யாணங்களுக்குப் போட்டு வருகிறார். பட்டன்தான் மாட்டாது. தூதரகப் பரீட்சைக்காக நீ கோலாலம்பூருக்கு பஸ் ஏறிய இரவு, ஒரு வார்த்தை பேசாமல் கையில் ஐம்பது வெள்ளி திணித்துவிட்டுப் போனாரே, அதற்கு இதுதான் அர்த்தம். ஜப்பான் மொழித் தாளில் பேரை மட்டும் எழுதிவிட்டு வந்தேன் என்று நீ அழுததை அவரிடம் நான் சொல்லவே இல்லை.

வேலையை எடுத்துக்கொள். நீ திரும்பி வந்தால் எனக்குச் சந்தோஷம்தான், அதை மறைக்கவில்லை. தீவில் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிகளில் வேலை இருக்கிறது, கூலிமில் புதுசு புதுசாகக் கட்டுகிறார்கள். வெளிநாட்டில் இருக்கிற நம் ஆட்களைத் திருப்பிக் கூப்பிட டேலண்ட்கார்ப் என்கிற அரசாங்க நிறுவனம் ஐந்து வருஷத்துக்கு 15 விழுக்காடு வரி என்று சலுகை தருகிறதாம், அப்பா பேப்பரில் வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறார். அது அங்கேயே இருக்கட்டும், அவசரம் இல்லை. எங்களுக்குக் கடன் தீர்க்கிறேன் என்று மட்டும் வராதே.

வெளிநாட்டில் படித்துத் திரும்பினவர்களை முப்பது வருஷமாக எங்கள் சிப் ஃபேக்டரியில் பார்க்கிறேன். ஒருவர் மேல்நாட்டில் படித்து வந்தவர், எதற்கெடுத்தாலும் "அங்கெல்லாம் இப்படி இல்லை" என்பார். மூன்று வருஷம் அதையே சொல்லிவிட்டு வேலையை விட்டுப் போய்விட்டார். இன்னொருவர் கிளந்தான்காரர். டாக்டர் மகாதீர் 1982இல் தொடங்கினாரே கிழக்கு நோக்கும் கொள்கை, அதில் ஜப்பானுக்குப் போய்ப் படித்தவர். எங்கள் லைனுக்கு வந்த முதல் வாரமே, சட்டை அழுக்காகும் என்று பார்க்காமல் மெஷினுக்கு அடியில் படுத்துவிட்டார். கழித்துப் போடுகிற ரிஜெக்ட் கூடினால் மற்றவர்கள் "யார் ஷிஃப்டு?" என்றுதான் முதலில் கேட்பார்கள். இவர் "ஏன்?" என்பார். பதில் சொன்னால் அதற்கும் "ஏன்?" ஐந்து தடவை கேட்டு முடிப்பதற்குள் எங்களுக்கே புது விஷயம் தெரிந்துவிடும். "காக் (அக்கா), நேத்து ராத்திரி மெஷின்ல சத்தம் எப்படி இருந்துச்சு?" என்று என்னிடம் கேட்ட முதல் எஞ்சினியர் அவர்தான். ரெண்டு பேருக்கும் டிகிரி ஒன்றுதான், சம்பளமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பள்ளியில் படிவம் இரண்டில் டாக்டர் வூ லியென் தே பற்றி நீ செய்த புராஜெக்டை நேற்று எடுத்துப் பார்த்தேன். லேமினேட் பண்ணி வைத்தது நல்லதாகப் போயிற்று. நம் பினாங்குப் பிள்ளை, ஃப்ரீ ஸ்கூலில் படித்து, 1896இல் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் ராணி உபகாரச் சம்பளத்தில் கேம்பிரிட்ஜ் போனார். டாக்டராகித் திரும்பினால், மேல் பதவியெல்லாம் வெள்ளைக்காரருக்கு மட்டும்தான். காசு கொடுத்துப் படிக்க வைத்த அதே அரசாங்கம்தான் அது! சூலியா தெருவில் கிளினிக் வைத்தார். பிறகு சீனாவுக்குப் போனார். 1910 கடைசியில் மஞ்சூரியாவில் பிளேக் பரவியபோது, எலியை மட்டும் குறை சொல்லாதீர்கள், இது மூச்சில் பரவுகிறது என்று துணி முகக்கவசம் போட வைத்தவர் அவர்தான். கடைசிக் காலத்தில் பினாங்குக்கு வந்து இங்கேயே கண்ணை மூடினார். நீ அப்போது புராஜெக்ட் முடிவில் "அவர் நாட்டுக்குத் திரும்பியிருக்கலாம்" என்று எழுதியிருக்கிறாய். டீச்சர் அதற்குச் சரி போட்டிருக்கிறார். திரும்பித்தானே வந்தார்! வந்தவருக்கு இங்கே இடம் கொடுக்கவில்லை. நானும் அப்போது கவனிக்கவில்லை.

சரி, உன்னைப் பற்றி.

ரெண்டு வருஷத்துக்கு முன் தீபாவளிக்கு வந்தாயே, அப்போது "அங்கெல்லாம் இப்படி இல்லை" என்ற அந்த எஞ்சினியர் மாதிரிதான் இருந்தாய். பஸ் நேரத்துக்கு வரவில்லை என்றாய். குப்பையைப் பிரிக்காமல் போடுகிறோம் என்றாய். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனால் வரிசையில் நிற்கத் தெரியவில்லை என்று முணுமுணுத்தாய். உன் பாட்டி, "ஜப்பான்காரி வந்திருக்கா, செருப்ப நேரா வைங்கடி" என்றதும் நீயே சிரித்துவிட்டாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் வலித்தது, அவ்வளவுதான்.

அதற்கப்புறம் அந்த வாடகை அறை விஷயம். ஒப்பந்தம் வரைக்கும் வந்து, வீட்டுக்காரர் வெளிநாட்டவருக்குக் கொடுப்பதில்லை என்று தரகர் சொன்னார் என்றாயே. அழவில்லை, ஆனால் குரல் ஒரு மாதிரி இருந்தது. ஜப்பான் நீதி அமைச்சே 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை அனுப்பினாய், வீடு தேடிய வெளிநாட்டவரில் பத்துக்கு நாலு பேருக்கு அப்படி நடந்திருக்கிறது என்று. உனக்கு நான் சொல்லாத ஒன்று: வேலைக்குச் சேர்ந்த புதிதில் தீவில் அறை தேடினேன். போனில் பேரைச் சொன்னதும் "அறை போய்விட்டது" என்று வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்துதான் ஃபேக்டரி பஸ். விடியற்காலை பாலத்தில் தூங்கித் தூங்கி விழுந்தபடி பதின்மூன்றரைக் கிலோமீட்டர்.

ஆனால் நீ அன்று போனை வைக்கும் முன் கேட்டாய்: "ம்மா, நம்ம பின்வரிசையில இருக்காங்களே நேப்பாள் அண்ணனுங்க, அவங்ககிட்ட யாராச்சும் பேசறாங்களா?"

பேசுவதில்லை. ஒரு வீட்டில் பதினைந்து பேர் இருக்கிறார்கள். அவர்கள் போகும்போது கேட்டைச் சாத்தச் சொன்னவளே நான்தான். லைனில் எனக்குப் பக்கத்தில் ஒருவன் ரெண்டு வருஷமாக சிப்பை ஒட்டுகிற டை அட்டாச் மெஷினில் நிற்கிறான். "ஏய் நேப்பாள்" என்றுதான் கூப்பிடுவேன். பேரைச் சொல்லி விரட்டப்பட்டவள் இன்னொருத்தனுக்குப் பேரே இல்லாமல் ஆக்கியிருக்கிறேன். உனக்கு விமான டிக்கெட் அரசாங்கம் கொடுத்தது. அவன் ஏஜெண்டுக்குக் கட்ட ஊரில் வட்டிக்கு வாங்கியிருக்கிறான், அந்தக் கடன் இன்னும் முடியவில்லை. பேரைக் கேட்டு உள்ளங்கையில் எழுதி வைத்தேன். இன்னும் சரியாகச் சொல்ல வரவில்லை, அவன் சிரிக்கிறான்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். போன மாதம் நடுராத்திரியில் லேபிலிருந்து கூப்பிட்டாயே: "ம்மா, நீங்க தங்கக் கம்பியிலருந்து செம்புக்கு மாறினப்ப முதல்ல எது கெட்டுப்போச்சு?" தூக்கக் கலக்கத்தில் "எல்லாம்தான்" என்று வைத்துவிட்டேன். அப்புறம் தூக்கம் வரவில்லை. அந்தக் கிளந்தான்காரருக்குப் பிறகு இப்படிக் கேட்டது நீதான். செண்டாயில் உனக்குக் கற்றுக்கொடுக்கப் புரொஃபசர்கள் இருக்கிறார்கள், நீ பிறையில் இருக்கிற ஆப்பரேட்டரிடம் கேட்கிறாய். நாலு நாள் யோசித்து எழுதுகிறேன்.

முதலில் கெட்டது பந்து, சிப்பில் ஒட்டுவதற்காகக் கம்பி நுனியில் உருகி உருளுகிற உருண்டை. தங்கம் விலை ஏற ஏற, 2010 வாக்கில் எங்கள் லைனில் செம்புக்கு மாற்றினார்கள். தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு தடிமன் கம்பி. தங்கத்தில் பொறி விழுந்ததும் நுனி உருகித் தானாக உருண்டையாகும், காற்று பட்டாலும் ஒன்றும் ஆகாது. செம்பு சூட்டோடு காற்றைக் கண்டால் கறுத்துவிடும். அதனால்தான் நைட்ரஜனில் கொஞ்சம் ஹைட்ரஜன் கலந்து நுனியில் ஊதுகிறார்கள். காஸ் குறைந்தால் அலாரம் அடிக்கும் முன்பே மைக்ராஸ்கோப்பில் தெரியும். பந்து புளி போட்டுத் தேய்க்காத செப்புச் சொம்பு மாதிரி மங்கி, ஒரு பக்கம் கூம்பியிருக்கும்.

ரெண்டாவது, செம்பு கெட்டி. ஒட்டவில்லையே என்று அழுத்தத்தைக் கூட்டினால் கீழே இருக்கிற அலுமினியம் பிதுங்கும். இன்னும் கூட்டினால் அதற்கும் அடியில் சிப்பிலேயே விரிசல் விழும், அது மேலிருந்து பார்த்தால் தெரியாது.

மூன்றாவதை யாரும் எந்த ரிப்போர்ட்டிலும் எழுதவில்லை. தீபாவளி, சீனப் பெருநாள் லீவு முடிந்து மெஷினை ஓட்டும் முதல் நாள், நான் முதலில் வருகிற துண்டுகளை எடுத்து ஓரமாக வைப்பேன். நல்ல பீஸை ஏன் ஒதுக்குகிறாய் என்று சூப்பர்வைசர் திட்டுவார். இழுத்துப் பார்க்கிற டெஸ்டில் அதுதான் முதலில் கழன்று வரும். லீவுக்குப் போகிற அவசரத்தில் கம்பி சுற்றிய ஸ்பூலை மூடாமல் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அந்தக் கம்பியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், புதுக் கம்பிக்கு இருக்கிற சிவப்பு இருக்காது, லேசாகப் பழுப்படித்திருக்கும். உன் லேபில் அதை அளக்க மெஷின் இருக்குமே, பார்த்துச் சொல்.

பார்சலில் மிளகாய்த்தூள், மஞ்சள், முறுக்கு, சாம்பிராணி இருக்கிறது. சாம்பிராணியை அறைக்குள் ஏற்றாதே, போன தடவை புகை அலாரம் அடித்து மாடி முழுக்க வெளியே வந்து நின்றது போதும். பந்து எப்படி இருக்கும் என்று இந்தத் தாளின் பின்னால் படம் வரைந்திருக்கிறேன். கோணலாக இருப்பது என் கைக் கோளாறு என்று நினைக்காதே. அது அப்படித்தான் இருக்கும்.

அம்மா