ஆறும் ஒன்பதும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கண்ணாடி மாற்றியிருக்கிறேன், மற்றபடி நலம். பதில் தாமதமானதற்குக் காரணம் நான் செய்துகொண்டிருக்கும் ஒரு ரயில் எஞ்சின் மாடல். அதன் பக்கவாட்டில் கில் சான்ஸ் வடிவத்தில் நம்பர் போட வேண்டும். "கில் சான்ஸ் எழுத்துருதான் கணினியிலேயே இருக்கிறதே, நம்பரைத் தட்டி அச்சடித்து ஒட்ட வேண்டியதுதானே?" என்று கேட்டிருந்தாய். முதலில் அதைத்தான் செய்தேன். வம்பே அங்கேதான் ஆரம்பித்தது.

எஞ்சின் ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன், பிரிட்டனின் புகழ்பெற்ற நீராவி எஞ்சின். அதற்குத்தான் எத்தனை நம்பர்! 1923இல் 1472. மறு வருடம் 4472. 1946இல் ஒரே வருடத்துக்குள் 502, பிறகு 103. பிரிட்டிஷ் ரயில்வே அரசுடைமையானதும் அதோடு 60000 கூட்டி 60103. (கிரேட் வெஸ்டர்ன் என்ற ரயில் கம்பெனியின் எஞ்சின்கள் மட்டும் தப்பித்தன. அவற்றின் நம்பர் வார்ப்புத் தகட்டில் இருந்ததால் பழையதையே விட்டுவிட்டார்கள்.) நான் செய்வது 60103.

என் மாடலில் ஓர் அடி என்பது 4 மி.மீ. கேபின் பக்கவாட்டில் 8 அங்குல உயரத்தில் நிற்கும் இலக்கம் என் கையில் 2.7 மி.மீ.கூட வராது. இதில் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். ஒட்டிவிட்டுப் பார்த்தால் '60 1 03' என்று மூன்று துண்டாக நிற்கிறது. எழுத்துருவில் எல்லா இலக்கத்துக்கும் ஒரே அகலம். கணக்குப் பட்டியலில் பத்தி நேராக இறங்க வேண்டுமே, அதற்காக. கில் சான்ஸில் 1 என்பது வெறும் குச்சி. ஆங்கிலப் பெரிய ஐ எழுத்துக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. அந்தக் குச்சிக்கு இரண்டு பக்கமும் வெற்றிடம். பணிமனையில் தூரிகை பிடித்தவன் இப்படி விட்டிருக்கவே மாட்டான். அவன் கண்ணால் பார்த்து நெருக்கியிருப்பான். நீ கடைப் பலகை எழுதும்போது அளவுகோலா வைத்தாய்?

சரி, இடைவெளியைக் கையால் சரிசெய்தேன். அப்புறம் 6 உறுத்தியது. எழுத்துருவின் 6 அச்சுக்காகச் செதுக்கியது. பழைய படங்களில் இருக்கும் 6இன் வால் வேறு மாதிரி வளைகிறது, அதுவும் எஞ்சினுக்கு எஞ்சின் கொஞ்சம் மாறுகிறது. ஆக, எழுத்துருவை மூடி வைத்துவிட்டுப் புகைப்படத்திலிருந்தே கோடு எடுக்க உட்கார்ந்தேன்.

அதில் ஒரு வித்தை கற்றேன். படம் சாய்வாக எடுத்திருந்தால் சக்கரம் முட்டை வடிவில் தெரியும். அது முழு வட்டமாகும்வரை படத்தை இழுத்தால், பக்கத்தில் இருக்கும் எழுத்தும் தானாக நிமிர்ந்துவிடும். அந்த எஞ்சினின் பெரிய சக்கரம் 6 அடி 8 அங்குலம். அதை வைத்து எழுத்தின் உயரத்தையும் கணக்குப் போடலாம்.

வடிவம் கிடைத்தாலும் நிறம் கிடைக்காது. 4472 காலத்துத் தங்க எழுத்துக்கு ஓரத்தில் நிழல் உண்டு, அதில் சிவப்பும் சேரும். அந்தக் காலத்துப் பிலிம் பலவற்றுக்குச் சிவப்பு தெரியாது, கறுப்பாகவே பதியும். நிழல் எங்கே முடிகிறது, பின்னணி எங்கே தொடங்குகிறது என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது. பணிமனைக்காரர்கள் எடுத்த அதிகாரபூர்வப் படமாவது உதவுமா என்றால், படம் நன்றாக விழ வேண்டும் என்று எஞ்சினுக்கே சாம்பல் நிறம் பூசி நிறுத்திய வழக்கம் உண்டு. கால் அங்குல நிழல்கோடு என் அளவில் 0.08 மி.மீ.தான். அங்குலத்துக்கு 600 புள்ளி வைக்கும் அச்சுப்பொறியில் இரண்டே இரண்டு புள்ளி. உண்மையாகச் சுருக்கினால் மறைந்துபோகும், கொஞ்சம் தடிமனாகப் பொய் சொல்ல வேண்டும். அதனால்தான் 4472ஐத் தள்ளிவைத்தேன்.

அச்சிலும் பாடுதான். வீட்டு அச்சுப்பொறியில் வெள்ளை மையே கிடையாது. வெள்ளைத் தாளில் சுற்றிலும் பச்சை அடித்து எழுத்தை மட்டும் வெறுமையாக விட்டேன்; அந்தப் பச்சை எஞ்சின் பச்சையோடு கடைசிவரை ஒத்துப்போகவில்லை. கடைசியில் வெள்ளை டோனர் (லேசர் அச்சுப்பொறியின் மைத்தூள்) வைத்திருப்பவர் ஒருவர்தான் காப்பாற்றினார். தண்ணீரில் நனைத்து நழுவவிடும் படலத்தில் அச்சடித்துக் கொடுத்தார். முதல் தடவை மங்கலான பெயின்ட் மேலேயே நழுவவிட்டேன். சொரசொரப்பில் காற்று சிக்கி, படலத்துக்கு அடியில் வெள்ளிபோல் வெளுத்துத் தெரிந்தது. இப்போது முதலில் பளபள வார்னிஷ், அதன்மேல் படலம், காய்ந்த பிறகு மங்கல் வார்னிஷ். இதில் ஒரு வேடிக்கை, அந்தத் தங்க எழுத்துகளைப் பெரிய எஞ்சின்களிலும் இப்படித்தான், படலமாக ஒட்டினார்கள்.

இடது பக்கம் முடிந்தது. வலது பக்கத்து 6 மட்டும் இன்னும் மனதுக்கு ஒட்டவில்லை. அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். 6ஐத் தூரிகையில் எழுதும்போது மேலிருந்து இறங்குவாயா, வயிற்றை முதலில் போட்டுவிட்டு வாலைச் சேர்ப்பாயா? 9 என்பது தலைகீழ் 6தானா, இல்லை தனி ஓட்டமா? அடுத்த கடிதத்தில் இரண்டையும் ஓர் அங்குலத்துக்குத் தூரிகையால் எழுதி அனுப்பு. கை நடுங்குகிறது என்று எழுதியிருந்தாயே, நடுங்கட்டும். 2.7 மி.மீ.க்குச் சுருக்கும்போது அதெல்லாம் தெரியாது.

உன் பழைய நண்பன்