போசவர்ன் பென்லஸுக்காக ஒரு கருணை மனு

பிரிட்டன் நீதித்துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். 1749 அக்டோபர் 18 அன்று லண்டன் டைபர்னில் தூக்கிலிடப்பட்ட போசவர்ன் பென்லஸுக்கு, மன்னரின் கருணை அதிகாரத்தின் கீழ் மன்னிப்பு வழங்கக் கேட்டு இதை எழுதுகிறேன்.

அந்த ஆண்டு ஜூலையில் லண்டன் ஸ்ட்ராண்ட் வீதியில் இருந்த விபச்சார விடுதி ஒன்றில் பணத்தைப் பறிகொடுத்த மாலுமிகள், கூட்டாளிகளோடு திரும்பி வந்து தட்டுமுட்டுச் சாமான்களைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். கலகம் அடுத்தடுத்த விடுதிகளுக்கும் பரவியது. பென்லஸ் மாலுமி அல்ல. விக் செய்யும் தொழிலாளி, பாதிரியார் ஒருவரின் மகன். பீட்டர் வுட் என்பவரின் விடுதியைத் தாக்கியதாக அவர்மீதும் ஜான் வில்சன்மீதும் வழக்கு. கூட்டமாகச் சேர்ந்து ஒரு வீட்டை இடிக்கத் தொடங்கினாலே மரண தண்டனை என்றது அன்றைய கலகச் சட்டம்.

முக்கிய சாட்சிகள் வுட் குடும்பத்தார். அந்த வட்டாரத்தில் வரி வசூலித்த ஒருவர் நீதிமன்றத்தில் எழுந்து, இவர்கள் பேச்சை நம்பி ஒரு நாயையோ பூனையையோகூட நான் தூக்கில் போடமாட்டேன் என்றார். அக்கம்பக்கத்தில் வாழ்ந்த ஒருவரின் வாக்கு அது. இதைவிட வேறென்ன சொல்ல வேண்டும்?

ஜூரி குற்றவாளிகள் என்றது, ஆனால் இருவருக்கும் கருணை காட்டச் சொன்னது. செயின்ட் கிளமென்ட் டேன்ஸ் வட்டார மக்களும் மனு எழுதிக் கொடுத்தார்கள். தங்கள் தெருவில் நடந்த கலகத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர்களை விட்டுவிடுங்கள் என்று அந்தத் தெருக்காரர்களே கெஞ்சினார்கள். வில்சன் தப்பினார். பென்லஸ் தூக்கு மேடை ஏறினார்.

பென்லஸிடம் துணிமூட்டை ஒன்று பிடிபட்டது உண்மை. அவரைச் சிறைக்கு அனுப்பிய நீதிபதி ஹென்றி ஃபீல்டிங், தூக்குக்குப் பின் வெளியிட்ட துண்டுப்பிரசுரத்தில் அந்த மூட்டையைக் காட்டித்தான் தண்டனை சரி என்று வாதாடினார். சரி, திருட்டு என்றால் அதை விசாரித்திருக்க வேண்டும் அல்லவா? அந்தக் குற்றச்சாட்டு விசாரணைக்கே வரவில்லை. விசாரிக்காத குற்றம் ஒரு மனிதனின் கருணை மனுவுக்குக் குறுக்கே நின்றிருக்கிறது. என்னால் ஏற்கவே முடியாதது இதுதான்.

காலம் கடந்துவிட்டது என்று சொல்லிவிடாதீர்கள். முதல் உலகப்போரில் படையைவிட்டு ஓடியது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகத் தங்கள் படையாலேயே சுட்டுக் கொல்லப்பட்ட வீரர்களுக்கு 2006-இல் உங்கள் நாடாளுமன்றம் மன்னிப்பு அளித்தது. பென்லஸ் நிரபராதி என்று அறிவிக்கக்கூட நான் கேட்கவில்லை. அன்றைய ஜூரியின் பரிந்துரையை இன்று ஏற்றுக்கொள்ளுங்கள், அது போதும்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் வாசகர்