தம்பிக்கு: ஹெட்ஃபோன் கேஸ் வாங்குவதற்கு முன்னால்

பாசிர் ரிஸ், சிங்கப்பூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

புது ஹெட்ஃபோனுக்கு எந்த கேஸ் வாங்கலாம் என்று போனில் கேட்டாய். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன். கடைக்குப் போகும்போது இதை ஒருமுறை படித்துவிட்டுப் போ.

உன் ஆடியோ-டெக்னிகா எம்50எக்ஸ் ஹெட்ஃபோனோடு வருவது மெல்லிய பவுச் மட்டும்தான். கீறல் விழாமலும் தூசி படியாமலும் இருக்க அது போதும், நசுங்காமல் காக்க அது உதவாது. நீ இங்கிருந்து பூன் லே வரைக்கும் ஒரு மணி நேரம் போல ரயிலில் போய், அங்கே 179 பேருந்தைப் பிடித்துப் பல்கலைக்கழக விடுதிக்குப் போகிறாய். கூட்டத்தில் பையை மார்போடு அணைத்துக்கொள்வாய், இடம் கிடைத்தால் காலடியில் வைப்பாய். அந்த 285 கிராம் பொருளை ஒரு பக்கம் மடிக்கணினி நெருக்கும், மறுபக்கம் தண்ணீர் பாட்டில் நெருக்கும். இப்படி நெருக்கும்போது காதை மூடும் கிண்ணம் ஒரு பக்கமும் தலைப்பட்டை ஒரு பக்கமுமாக முறுக்கும். அந்த முறுக்கு முழுவதையும் தாங்குவது மடிப்புக் கீலும், கிண்ணத்தைப் பிடித்திருக்கும் கவையும்தான். இரண்டுமே பிளாஸ்டிக். முதலில் மயிரிழை போல ஒரு விரிசல் விடும், கண்ணுக்குத் தெரியாது. பிறகு ஒரு நாள் காதில் மாட்டும்போது கையோடு வந்துவிடும்.

ஆகவே வெளியிலிருந்து வரும் அழுத்தத்தைக் கேஸின் ஓடு வாங்கிக்கொள்ள வேண்டும், உள்ளே ஹெட்ஃபோன் எந்தச் சுமையும் இல்லாமல் கிடக்க வேண்டும். கேஸ் எவ்வளவு தடிமன் என்பதைவிட உன் ஹெட்ஃபோனின் உருவத்துக்குப் பொருந்துகிறதா என்பதுதான் முக்கியம்.

முதலில் அளவெடு. கேபிளைக் கழற்று. கிண்ணத்தில் நுழையும் இடத்தில் லேசாகத் திருப்பினால் பூட்டு விடும், அதன் பிறகு நேராக இழு, பக்கவாட்டில் ஆட்டாதே. தலைப்பட்டையை இரண்டு பக்கமும் கடைசிச் சொடுக்கு வரை உள்ளே தள்ளு. நீட்டிய நிலையில் அளந்து பெரிய கேஸாக வாங்கிவிடுவது பலரும் செய்கிற தவறு. உன்னுடையதை இரண்டு விதமாக மடிக்கலாம். கிண்ணங்களைத் திருப்பித் தட்டையாகப் படுக்க வைக்கலாம், அல்லது தலைப்பட்டைக்குள் மடக்கி உருண்டையாக்கலாம். தட்டையாக வைத்தால் கேஸ் அகலமாகவும் ஒல்லியாகவும் இருக்கும், மடக்கினால் சின்னதாகவும் உயரமாகவும் இருக்கும். உன் பையில் ஏற்கெனவே மடிக்கணினி இருப்பதால் தட்டையான கேஸ் அதன் பக்கத்தில் சரியாகச் செருகிக்கொள்ளும். நான் அதைத்தான் சொல்வேன். தட்டையாக வைத்து ஒரு ஏ4 தாளின் மேல் சுற்றி வரைந்துகொள், மிக உயர்ந்த இடத்தை ரூலரால் அளந்து அதே தாளில் எழுது. கேஸின் உள்ளளவு ஒவ்வொரு பக்கத்திலும் அரை சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தால் போதும். அதற்கு மேல் இடம் விட்டால் உள்ளே ஆடும்.

இணையத்தில் பெரும்பாலும் வெளி அளவைத்தான் போடுவார்கள். சுவரும் உள்துணியும் சேர்ந்து பக்கத்துக்கு அரை சென்டிமீட்டர் எடுத்துக்கொள்ளும் என்று வைத்து, நீளத்திலும் அகலத்திலும் உயரத்திலும் ஒவ்வொரு சென்டிமீட்டர் கழித்துப் பார். இன்னொன்றையும் கவனி. வேறு மாடலுக்கென்று அச்சில் வார்த்த கேஸில், கிண்ணங்களுக்கு நடுவே ஒரு மேடு இருக்கும். அது உன் ஹெட்ஃபோனின் கவையில் முட்டினால், மூடும் ஒவ்வொரு முறையும் கேஸே அதை வளைக்கும்.

பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. கொஞ்சம் சப்பாத்தி மாவைக் கொண்டைக்கடலை அளவு உருட்டி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, கிண்ணத்தின் முதுகில் வை. கேஸை மூடி ஜிப்பை இழு. மூடியின் நடுவில் உள்ளங்கையை வைத்து, பையில் புத்தகம் அழுத்துகிற அளவுக்கு அழுத்து. திறந்து பார். உருண்டை கொஞ்சம் தட்டையாகியிருந்தால் பரவாயில்லை, ஓடு வளைந்தும் உள்ளே இடம் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். தோசை போலப் பரவியிருந்தால் மூடி கிண்ணத்தை அழுத்துகிறது, அந்தக் கேஸ் வேண்டாம். கடையில் மாவுக்கு எங்கே போவது? அங்கே டிஷ்யூ தாளைக் கசக்கி வைத்துப் பார்த்தால் போதும்.

பொருளைப் பொறுத்தவரை இவிஏ என்று போட்டிருக்கும் கெட்டி நுரை ஓடுதான் உனக்குச் சரி. செருப்பின் அடியில் இருக்கிறதே, அதே ஜாதி. கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் உள்ளே போய், எடுத்தவுடன் திரும்பிவிட வேண்டும். குழி அப்படியே நின்றால் ஓடு மெல்லிசு. மூலைகளையும் அழுத்திப் பார், வார்க்கும்போது நுரை இழுபட்டு மெலிவது அங்கேதான். வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் இதை விட்டுவிடாதே, சூட்டில் இளகி உருவம் மாறிவிடும். ரப்பர் விளிம்பும் பூட்டும் உள்ள காற்றுப் புகாத பெட்டிகளை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். விமானத்தில் லக்கேஜில் போட அது நல்லது. தினமும் தூக்கிப் போகக் கனம், அதோடு காதுக் குஷனில் இருக்கும் வியர்வை ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே அடைபடும்.

ஈரம்தான் நம் ஊரில் பெரிய எதிரி தம்பி. இங்கே ஆண்டுச் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டுக்கு மேல், விடியற்காலையில் 90ஐத் தாண்டும். காதுக் குஷனின் மேலே இருப்பது பாலியூரிதேன் பூசிய செயற்கைத் தோல். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அந்தப் பூச்சின் பிணைப்பு மெல்ல அறும், வியர்வை அதை விரைவுபடுத்தும். அதனால்தான் சும்மா வைத்திருந்த ஹெட்ஃபோனும் கருப்புச் செதில் உதிர்த்துக் காது ஓரத்தில் ஒட்டுகிறது. நடந்து வந்த கையோடு கேஸில் போட்டு மூடாதே. உலர்ந்த மெல்லிய துணியால் குஷனை ஒற்றி, அரை மணி நேரம் ஃபேன் காற்றில் வைத்துவிட்டு மூடு.

கேஸில் 10 கிராம் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று கிடக்கட்டும். ஆரஞ்சு நிறமாக இருந்து பச்சையாகும் வகையைக் கேட்டு வாங்கு. நீலம் வேண்டாம், அதில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சுப் பொருள் இருக்கும். நிறம் மாறியதும் அது வேலையை நிறுத்திவிட்டது. வீட்டுக்கு வரும்போது கொண்டு வா, பொட்டலத்திலிருந்து தட்டில் கொட்டி ஓவனில் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்துத் தருகிறேன், திரும்பவும் பயன்படும்.

ஏர்கானில் 22, 23 டிகிரியில் இருந்த ஹெட்ஃபோனை அப்படியே வெளியே எடுத்துப் போனால் அதன் மேல் நீர் பூக்கும், கண்ணாடி போட்டவர்களுக்கு வெளியே வந்ததும் மங்குகிறதே, அதேதான். அறைக்குள்ளேயே கேஸில் போட்டு மூடிவிட்டுக் கிளம்பு. ரயில் நிலையம் போய்ச் சேர்வதற்குள் மெல்லச் சூடாகிவிடும். மழைக்கு மட்டும் கேஸை நம்பாதே. இவிஏ தண்ணீரைக் குடிக்காது, ஆனால் ஜிப்பின் பல்லும் தையல் துளையும் விடும். பையில் ஒரு பிளாஸ்டிக் கவரை மடித்து வைத்துக்கொள்.

உள்துணியை உள்ளங்கையால் நாலு முறை தேய்த்துப் பார். பஞ்சு உதிர்ந்தால் வேண்டாம். ரெக்சின் மாதிரி பிசுபிசுக்கும் பிவிசி உள்ளே இருந்தாலும் வேண்டாம், அதிலிருக்கும் எண்ணெய்ப் பசை குஷனுக்கு ஏறி அதையும் ஒட்டும்படி ஆக்கிவிடும். ஜிப்பை இரண்டு மூலையிலும் திருப்பி இழு, அங்கே சிக்கினால் ஆறு மாதத்தில் பிரியும். உள்பக்கம் ஜிப்பை மறைக்கும் துணிப் பட்டை இருப்பது நல்லது, இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் பல் தலைப்பட்டையைக் கீறும். புதுக் கேஸில் நெடி அடித்தால் நிழலில் இரண்டு மூன்று நாள் திறந்து வை.

பெட்டியில் மூன்று கேபிள் இருக்கும். 1.2 மீட்டரை மட்டும் எடுத்துப் போ, சுருள் கேபிளும் 3 மீட்டரும் மேசை இழுப்பறையில் கிடக்கட்டும். கையகல வளையமாகச் சுற்றி வலைப் பையில் வை. ஹெட்ஃபோனைச் சுற்றிக் கட்டாதே, பிளக் குஷனில் பதிந்து குழி விழும், பிளக்கின் கழுத்தில் கம்பி அறும். மூடியின் வலைப் பையில் பவர்பேங்க் போன்ற கெட்டிப் பொருள் எதையும் செருகாதே. கேஸ் தாங்குகிற அழுத்தத்தை அது நேராகக் கிண்ணத்துக்குக் கடத்திவிடும்.

விலை 20லிருந்து 40 வெள்ளிக்குள் நல்லதாகவே கிடைக்கும். ரோச்சோர் நிலையத்துப் பக்கம் சிம் லிம் ஸ்குவேரில் பார். அங்கே பொருந்தவில்லை என்றால் சிட்டி ஹால் பக்கம் அடெல்ஃபியில் ஆடியோ கடைகள் இருக்கின்றன. ஹெட்ஃபோனைக் கையோடு கொண்டு போ, உள்ளே வைத்து மூடிப் பார்க்க விடாத கடையில் வாங்க வேண்டாம். அந்த ஏ4 தாளை மறந்துவிடாதே.

சனிக்கிழமை சாப்பிட வா.

அன்புடன்,
அம்மா